புகை சிவக்கும் வரை: நால்வர் ஆடும் மரியோ கார்ட் 64

பழைய நின்டெண்டோ 64 கன்சோலைத் தூசு தட்டி, மரியோ கார்ட் 64 என்ற வண்டிப் பந்தய ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜைச் செருகி உட்காருகிறவர்கள் முதல் அரைமணி நேரத்தில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: வண்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வளைவில் வெளியே வழுக்குகிறது, நேர்ப்பாதையில் தானாக ஒரு பக்கம் சாய்கிறது, பொத்தானை அழுத்தியபின் யோசித்துத் துள்ளுகிறது. ஆட்டத்துக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி மூடி வைத்துவிடுகிறார்கள். ஆட்டத்தின்மேல் பழி போடும் முன் கையில் இருக்கும் கன்ட்ரோலரையும் எதிரில் இருக்கும் டிவியையும் சோதித்துப் பார்க்க வேண்டும். 1996 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த இந்த ஆட்டத்தின் ஓட்டும் முறை இன்றும் துல்லியமானது. ஆனால் அந்தத் துல்லியத்தை வெளியே கொண்டுவரும் கருவிகள் தேய்ந்துபோயிருக்கும், அல்லது அதற்குப் பொருந்தாதவையாக இருக்கும்.

எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். மினி டர்போ, அதாவது வளைவில் வழுக்கி முடிக்கும்போது வண்டிக்குக் கிடைக்கும் சிறு வேகப் பாய்ச்சல், வருகிறதா என்று பாருங்கள். ஸ்டிக் தளர்ந்திருந்தால் அது வராது. டிவி தாமதித்தால் தாளம் தப்பும். இணையத்தில் ஆடும்போது இணைப்பு தள்ளாடினாலும் முதலில் அடிபடுவது இதுதான். அதனால் முதலில் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்துகொள்வோம்.

மினி டர்போ எப்படி வருகிறது

வலப்பக்க வளைவு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ பொத்தானை விடாமல், ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்து ஆர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வண்டி ஒரு சிறு துள்ளல் போட்டு, தரையில் இறங்கும்போது வலப்பக்கம் பார்த்தபடி வழுக்கத் தொடங்கும். சக்கரத்தின் பின்னால் ஆங்கில ‘ஈ’ எழுத்துபோல் சுருண்ட வெள்ளைப் புகை கிளம்பும். இப்போது ஆரை விடாமல் ஸ்டிக்கை இடப்பக்கம் கொண்டுபோய், மறுபடி வலப்பக்கம் திருப்ப வேண்டும். புகை மஞ்சளாகும். மறுபடி இடம், மறுபடி வலம். புகை ஆரஞ்சு கலந்த சிவப்பாகும். அந்தக் கணத்தில் ஆரை விட்டால் வண்டி பாய்ந்து முன்னேறும். இடப்பக்க வளைவுக்கு இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். ஒன்று, ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளினால் வழுக்கல் முறிந்து வண்டி வெளியே போய்விடுமோ என்ற பயத்தில் பாதிதான் தள்ளுகிறார்கள். ஆர் அழுந்தியிருக்கும் வரை வழுக்கல் முறியாது, வளைவின் அகலம்தான் சற்றுக் கூடும். அந்தக் கூடுதல் அகலத்துக்கு இடம்விட்டு, உள்விளிம்பை ஒட்டியே வழுக்கலைத் தொடங்க வேண்டும். இரண்டு, சிவப்பு வந்த மகிழ்ச்சியில் வண்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனிக்காமல் ஆரை விட்டுவிடுகிறார்கள். பாய்ச்சல் வண்டியின் மூக்கு காட்டும் திசையில்தான் போகும். சுவரைப் பார்த்துக்கொண்டு விட்டால் சுவரில்தான் முடியும். சிவப்பு வந்தபின்னும் ஆரைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம், ஒன்றும் கெடாது. மூக்கு நேர்ப்பாதைக்குத் திரும்பும் வரை காத்திருந்து விடுங்கள்.

பயிற்சிக்கு லூயிஜி ரேஸ்வே போல் வேறு தடம் இல்லை. ஒரு சுற்று 717 மீட்டர். நீண்ட, அகலமான வளைவுகள், விழுவதற்குப் பள்ளம் கிடையாது. முதல் நீண்ட வளைவுக்குள்ளேயே இரண்டு மினி டர்போ எடுக்க முடிந்தால் கை பழகிவிட்டது என்று கொள்ளலாம். தேர்ந்தவர்கள் நேர்ப்பாதையிலும் இடமும் வலமுமாகத் துள்ளி மினி டர்போவைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே போவார்கள். நேரப் பந்தயச் சாதனைகளில் கணிசமான பங்கு அதனால் வருவது.

ஆட்டத்தின் 50, 100, 150 சிசி என்ற வேகப் பிரிவுகளில் மிக மெதுவான 50 சிசியில் பழகச் சொல்லும் அறிவுரை எனக்கு உடன்பாடில்லை. அந்த வேகத்தில் பல வளைவுகளை வழுக்காமலே எடுத்துவிடலாம். கை அந்தச் சோம்பலைப் பழகிக்கொள்ளும், பிறகு 150 சிசியில் அதை மறக்கவைப்பது பெரும்பாடு. 100 சிசியில் தொடங்குவதே நல்லது.

ஸ்டிக்: முதல் சந்தேகம் இங்கேதான்

மேலே சொன்ன இடம்-வலம் அசைவு வேலை செய்ய, ஸ்டிக் இரு பக்கமும் போதுமான தூரம் சாய வேண்டும். நின்டெண்டோ 64 கன்ட்ரோலரின் மூல ஸ்டிக்கில் பிளாஸ்டிக்கின்மேல் பிளாஸ்டிக் உரசுகிறது. தண்டின் அடிமுனை ஒரு சிறு கிண்ணத்துக்குள் சுழலும். அதன் அசைவை இரண்டு வளைந்த கைகள் வாங்கிப் பல்சக்கரங்களுக்குக் கொடுக்கும். அந்தச் சக்கரங்களில் உள்ள நுண்ணிய பிளவுகளை ஒளி உணரிகள் எண்ணும். ஆண்டுக்கணக்கில் ஆடும்போது கிண்ணமும் தண்டின் முனையும் தேய்ந்து வெள்ளைப் பொடியாக உதிரும். விளிம்பில் ஸ்டிக்கை அழுத்தி வட்டமாகச் சுழற்றும் ஆட்டங்கள் இந்தத் தேய்மானத்தை வேகப்படுத்துகின்றன.

நல்ல நிலையில் உள்ள ஸ்டிக் ஒரு பக்கம் முழுக்கச் சாய்ந்தால் கன்சோலுக்குப் போகும் எண் சுமார் 80. நன்றாகத் தேய்ந்ததில் அது 60-க்கு அருகிலோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். கன்ட்ரோலரைச் சோதிக்கும் மென்பொருளை ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில் (நாமே கோப்புகளை ஏற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ்) ஏற்றிப் பார்த்தால் எண் நேராகத் தெரியும். அது இல்லாதவர்களுக்குப் புகையே அளவுகோல். வலப்பக்க வளைவில் சிவப்பு வருகிறது, இடப்பக்க வளைவில் மஞ்சளோடு நின்றுவிடுகிறது என்றால் ஸ்டிக் ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது.

பிரிப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கன்சோலை இயக்கும் நொடியில் ஸ்டிக் எந்த இடத்தில் இருக்கிறதோ அதையே நடு இடமாகக் கன்ட்ரோலர் எடுத்துக்கொள்கிறது. விரல் பட்டுச் சாய்ந்திருந்த நேரத்தில் மின்சாரம் வந்தால், அதன்பின் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். கையை எடுத்துவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், நடு இடம் மறுபடி அமையும். பழுது என்று நினைத்துப் பிரிக்கப்படும் கன்ட்ரோலர்களில் சில இந்த ஒரு அழுத்தத்தில் சரியாகிவிடும்.

அதில் சரியாகவில்லை என்றால் பிரிக்க வேண்டியதுதான். பின்புறம் தெரியும் கூட்டல்குறித் திருகுகளைக் கழற்றுங்கள். பாக் எனப்படும் துணைக்கருவியைச் செருகும் குழிக்குள் இரண்டு சிறு திருகுகள் ஒளிந்திருக்கும். அவற்றை மறந்துவிட்டு மூடியை நெம்பி உடைப்பதுதான் வழக்கமாக நேரும் விபத்து. மூடியை எடுத்ததும் எல், ஆர் பொத்தான்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக் பெட்டி மூன்று திருகுகளில் நிற்கிறது, ஒரு சிறு இணைப்பியால் பலகையோடு சேர்ந்திருக்கிறது. இணைப்பியைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல், தலையைப் பிடித்து எடுங்கள்.

பெட்டியைத் திறந்து வெள்ளைப் பொடியைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு, கிண்ணத்தையும் தண்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். கிண்ணத்தின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எந்த மசகும் உதவாது. கிண்ணம், தண்டு, இரு கைகள் ஆகியவற்றைப் புதிதாக மாற்ற வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் பிளாஸ்டிக்குக்குக் கேடு செய்யாத சிலிகான் மசகைக் கிண்ணத்தில் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். பெட்ரோலிய எண்ணெய்கள் வேண்டாம், அவை சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். பிளவுச் சக்கரங்களின்மேல் மசகு துளியும் படக்கூடாது. பட்டால் ஒளி மறைந்து எண்ணிக்கை தவறும், ஸ்டிக் அங்கங்கே குதிக்கும்.

மலிவாகக் கிடைக்கும் மாற்று ஸ்டிக்குகளில், நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான கேம்கியூபின் ஸ்டிக் வடிவத்தவை அதிகம் புழங்குகின்றன. உறுதியாக இருக்கும், உழைக்கும். ஆனால் அவற்றில் பல, சிறிது சாய்த்தாலே பெரிய எண்ணை அனுப்புபவை. இந்த ஆட்டத்தில் நேர்ப்பாதையில் செய்ய வேண்டிய சின்னத் திருத்தங்கள் அவற்றால் பெரிய திருப்பங்களாகிவிடும். பான்ஷீ போர்ட்வாக் தடத்தில் வேலி இல்லாத பலகைப் பாலத்தில் அதன் விளைவு உடனே தெரியும். மூல ஸ்டிக்கைப் புதிய உறுப்புகளோடு புதுப்பிப்பதையோ, மூல ஸ்டிக்கின் வீச்சை அப்படியே பின்பற்றும் புதிய வகைக் காந்த உணரி ஸ்டிக்கை வைப்பதையோதான் நான் பரிந்துரைப்பேன்.

திரை

நின்டெண்டோ 64 இந்த ஆட்டத்துக்கு அனுப்பும் படம் 320க்கு 240 புள்ளிகள், 240பி என்று சொல்லப்படும் வகை. பழைய குழாய் டிவியில் அது தாமதமில்லாமல் விழும். புதிய தட்டைத் திரைகளில் பல இதை, ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாக வரும் 480ஐ வகை என்று தவறாகப் புரிந்துகொள்கின்றன. இல்லாத பாதிப் படங்களைச் சேர்த்துப் பின்னுவதாக நினைத்து ஒவ்வொரு படத்தையும் சற்று நேரம் பிடித்துவைக்கின்றன. அதனால்தான் மங்கலும் தாமதமும் சேர்ந்தே வருகின்றன. படத்தை மெருகேற்றும் வசதிகள் இயங்கிக்கொண்டிருந்தால் மொத்தத் தாமதம் 50 மில்லிநொடியைத் தாண்டுவது சாதாரணம். நொடிக்கு 60 படம் என்ற திரைக் கணக்கில் அது மூன்று படங்களின் நேரம்.

முதலில் டிவியின் கேம் மோடை இயக்குங்கள், மெருகேற்றல் அனைத்தையும் அணையுங்கள். அது போதாவிட்டால் 240பியைச் சரியாக அடையாளம் காணும் ரெட்ரோடிங்க் போன்ற மாற்றுப்பெட்டியை இடையில் வையுங்கள். அமெரிக்க, ஜப்பானியக் கன்சோல்களில் எஸ்-வீடியோ வெளியீடு உண்டு. ஒற்றை மஞ்சள் கம்பியைவிட நிறம் கலங்காமல் வரும், நால்வர் ஆடித் திரையில் கால் பங்கே கிடைக்கும்போது அந்தத் தெளிவு நன்றாகவே உதவும். எதையும் எச்டிஎம்ஐயாக மாற்றித் தருவதாகச் சொல்லும் மிக மலிவான பெட்டிகளில் பெரும்பாலானவை 240பியை 480ஐயாகத்தான் நடத்துகின்றன. அவற்றை வாங்காமல் இருப்பதே மேல்.

தாமதத்தை அளக்க நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசி போதும். ஆர் பொத்தானின்மேல் விரலும் திரையும் ஒரே சட்டத்தில் விழும்படி வைத்து, பத்து முறை துள்ளிப் பதிவுசெய்யுங்கள். விரல் அழுந்திய படத்திலிருந்து வண்டி தரையை விட்டெழும் படம் வரை எண்ணுங்கள். ஒவ்வொரு படமும் சுமார் 4.2 மில்லிநொடி. ஆட்டத்துக்கே உரிய தாமதமும் இதில் கலந்திருக்கும், அதனால் ஒரு தனி எண்ணை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். டிவியின் ஒவ்வொரு அமைப்பிலும் அளந்து எதில் எண் குறைகிறது என்று பாருங்கள். பத்து முறை அளப்பது ஏன் என்றால், ஆட்டம் நொடிக்கு 30 படங்கள் வரைவதால் அழுத்தும் கணத்தைப் பொறுத்து முடிவு சற்று முன்பின் ஆகும்.

கன்சோல் படமே தராவிட்டால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முன்புற மூடிக்குள் ஜம்பர் பாக் அல்லது எக்ஸ்பான்ஷன் பாக் என்ற செருகுபெட்டி இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் கன்சோல் தொடங்காது. அடுத்தது கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டுச் செருகுங்கள். வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் தொடுமுனைகளை அரிக்கும். பிரித்தே துடைக்க விரும்பினால் கார்ட்ரிட்ஜுக்கு 3.8 மில்லிமீட்டர், கன்சோலுக்கு 4.5 மில்லிமீட்டர் சிறப்புத் திருப்புளி வேண்டும்.

திரையை நான்காகப் பங்கிட்டபோது

1990இல் வந்த எஃப்-ஜீரோ ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய பந்தயம். அதை இருவர் ஆடும்படி செய்ய முயன்றபோது, அத்தனை நீளமான நேர்ப்பாதைகளை இரு திரைகளிலும் ஒரே நேரத்தில் காட்ட சூப்பர் நின்டெண்டோவால் முடியவில்லை. தடத்தைச் சுருக்கினார்கள். சுருங்கிய தடத்துக்கு மெதுவான சிறு வண்டிதான் பொருத்தம் என்று ஆனது. 1992 ஆகஸ்டில் ஜப்பானில் வந்த சூப்பர் மரியோ கார்ட் அப்படிப் பிறந்தது. இரண்டு பேர் ஆட வேண்டும் என்ற தேவை வண்டியின் வடிவத்தையே தீர்மானித்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நின்டெண்டோ 64இன் முன்புறத்தில் நான்கு கன்ட்ரோலர் துளைகள் இருந்தன. முந்தைய ஆட்டத்தின் இரு இயக்குநர்களில் ஒருவரான ஹிடேகி கொன்னோ இதை இயக்கினார், ஷிகெரு மியாமோட்டோ தயாரித்தார். தடங்கள் முப்பரிமாணம். ஆனால் வண்டிகளும் ஓட்டுநர்களும் முன்கூட்டியே பல கோணங்களில் வரைந்து வைத்த தட்டைப் படங்கள். எட்டு வண்டிகள் திரையில் ஒன்றாக ஓட முடிந்தது அந்தச் சிக்கனத்தால்தான். மூன்று அல்லது நான்கு பேர் ஆடும்போது சிக்கனம் இன்னும் கூடுகிறது. பந்தய இசை நின்றுவிடுகிறது. கலிமாரி பாலைவனத்து ரயிலின் பெட்டிகள் குறைகின்றன. இசை வராததைப் பழுது என்று நினைத்துச் சிலர் கம்பியை மாற்றிப் பார்ப்பார்கள். அது ஆட்டத்தின் அமைப்பு, பழுதில்லை.

நால்வர் ஆடும்போது ஒருவருக்குக் கிடைப்பது 160க்கு 120 புள்ளிகள். முதல் துளை மேல் இடம், இரண்டாவது மேல் வலம், மூன்றாவது கீழ் இடம், நான்காவது கீழ் வலம். உட்காரும் வரிசையும் அப்படியே இருக்கட்டும்: முதலாமவரும் மூன்றாமவரும் இடப்பக்கம், மற்ற இருவரும் வலப்பக்கம். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் புதியவர் அடுத்தவர் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே தன் வண்டியை ஓட்டும் குழப்பம் இதனால் பெரிதும் குறையும்.

அதே சமயம், அடுத்தவர் கட்டத்தை வேண்டுமென்றே பார்ப்பது இந்த ஆட்டத்தில் குற்றமில்லை. பார்க்கத்தான் வேண்டும். தடத்தில் கிடைக்கும் பொருள்களில், ஆளைத் தேடி அடிக்கும் ஆமையோடான சிவப்பு ஷெல் எதிராளியின் கட்டத்தில் இருப்பது தெரிந்தால் உங்கள் வாழைத்தோலை வீசாமல் வைத்துக்கொள்வீர்கள். தனித்தனித் திரையில் ஆடும் பந்தயங்களில் இந்த அடுக்கு கிடையாது. ஒரே திரையில் ஆடுவதற்காக நான் வாதாடுவதற்கு இதுவே முதல் காரணம்.

யாரை எடுப்பது, எங்கே ஓடுவது

எட்டு ஓட்டுநர்கள், மூன்று எடை. பீச், டோட், யோஷி மூவரும் லேசானவர்கள். மரியோவும் லூயிஜியும் நடுத்தரம். டாங்கி காங், வாரியோ, பவுசர் கனமானவர்கள். கனமானவர்களுக்கு உச்ச வேகம் அதிகம் என்பது மற்ற பல கார்ட் ஆட்டங்களில் உண்மை. இங்கே லேசானவர்கள் சீக்கிரம் வேகமெடுக்கிறார்கள், அவர்களுடைய உச்ச வேகமும் சற்றே அதிகம். கனமானவர்களுக்கு உள்ள ஒரே பெரிய அனுகூலம் இடித்துத் தள்ளுவது. எட்டு வண்டி நெரிசலில் அது ஓரளவு உதவும். ஆடுபவர்களின் நான்கு வண்டி மட்டும் ஓடும் வெர்சஸ் பந்தயத்தில் இடிக்க ஆள் கிடைப்பதே குறைவு. அதனால் நால்வரில் அனுபவம் மிக்கவர் பவுசரையும் புதியவர் டோடையும் எடுத்துக்கொண்டால், ஆட்டத்திலேயே இல்லாத சமநிலை ஏற்பாடு ஒன்று தானாகக் கிடைத்துவிடும்.

கோப்பைப் பந்தயம் இருவர் வரைதான். மூவரும் நால்வரும் வெர்சஸ் அல்லது பேட்டில் (களத்துக்குள் பலூன் உடைக்கும் சண்டை) ஆட வேண்டும். வெர்சஸில் கணினி வண்டிகள் வராது. அதற்குப் பதில் தடத்தில் குண்டு வண்டிகள் கிடக்கும், மோதினால் தூக்கி எறியும்.

16 தடங்களில் நால்வருக்கு ஏற்றவை எல்லாம் இல்லை. ரெயின்போ ரோடு ஒரு சுற்று 2000 மீட்டர். மூன்று சுற்று முடிய ஏறக்குறைய 6 நிமிடம் ஆகும். இருபுறமும் வேலி இருப்பதால் விழும் அச்சமும் இல்லை, பின்தங்கியவருக்கு நம்பிக்கையும் இல்லை. மூ மூ ஃபார்ம் 527 மீட்டர்தான். வண்டிகள் ஒன்றையொன்று விட்டு விலகவே முடியாது. நால்வர் ஆட்டத்துக்கு அதையும், கூப்பா ட்ரூப்பா பீச், பவுசர்ஸ் காசில் ஆகியவற்றையும் நான் முன்னால் வைப்பேன். கூப்பா ட்ரூப்பா பீச்சில் பாறைக்குள் நுழையும் குறுக்குவழிக்குச் சரிவில் ஏற, வேகப் பாய்ச்சல் தரும் பொருளான காளான் ஒன்று தேவைப்படும். அதைச் சுற்றின் தொடக்கத்திலேயே செலவழிப்பதா, சேர்த்துவைப்பதா என்ற கணக்கு ஒவ்வொரு சுற்றிலும் வரும். யோஷி வேலி தனி ரகம். பாதைகள் பலவாகப் பிரிவதால் யார் எந்த இடம் என்பதை ஆட்டமே சொல்லாது, கேள்விக்குறிதான் காட்டும்.

வாரியோ ஸ்டேடியம் 1591 மீட்டர், நீளம்தான். ஆனால் அதன் பெரிய தாவலுக்காகவே ஆடலாம். எதிராளி மேடையிலிருந்து பறந்துகொண்டிருக்கும்போது எதிராளிகளைச் சுருக்கும் பொருளான மின்னல் உங்களிடம் இருந்தால் அப்போது அடியுங்கள். அவர் வண்டி சுருங்கி எதிர்க்கரையை எட்டாமல் கீழே விழும், தடத்தின் பெரும்பகுதியை மறுபடி ஓடிவர வேண்டியிருக்கும். அந்தத் தாவலை நெருங்கும்போது கடைசியில் இருப்பவரின் கட்டத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். மின்னல் அங்கே மின்னிக்கொண்டிருந்தால் மேடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பது அவமானமில்லை.

கிடைத்த பொருளை வைத்துக்கொள்ளும் கலை

புதியவர் பொருள் கிடைத்ததும் வீசிவிடுவார். இசட் பொத்தானை அழுத்தி விடாமல் பிடித்தால் வாழைத்தோலோ ஒற்றை ஷெல்லோ வண்டியின் பின்னால் தொங்கியபடி வரும். பின்னால் வரும் ஷெல் அதில் பட்டு இரண்டும் அழியும். முதலிடத்தில் இருப்பவருக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. ஸ்டிக்கை முன்னால் தள்ளி இசட்டை விட்டால் வாழைத்தோல் முன்னால் பறந்து விழும். பின்னால் இழுத்து விட்டால் பச்சை ஷெல் பின்னோக்கிப் போகும்.

சிவப்பு ஷெல் எதிராளியைத் தேடிப் போகும் என்றாலும் சுவரைத் தாண்டத் தெரியாது. கூர்மையான வளைவுக்கு முன் வீசினால் மூலையில் மோதி உடையும். இருவரும் ஒரே நேர்ப்பாதைக்கு வரும்வரை பொறுங்கள். முட்கள் கொண்ட நீல ஷெல் இந்தத் தொடரில் முதன்முதலில் தலைகாட்டியது இந்த ஆட்டத்தில்தான். இங்கே அது தரையிலேயே ஓடி, வழியில் குறுக்கிடுபவர்களையும் அடித்துக்கொண்டு முதலிடத்துக்குப் போகிறது. இரண்டாமிடத்தில் இருப்பவர் அது வரும்போது ஓரம் ஒதுங்க வேண்டும்.

வாழைத்தோலில் ஏறிவிட்டாலும் எல்லாம் போய்விடவில்லை. வண்டி சுழலத் தொடங்கும் முன் ஒரு மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. அதற்குள் பிரேக்கான பி பொத்தானை அழுத்தினால், தலைக்குமேல் ஓர் இசைக்குறி தோன்றி வண்டி சுழலாமல் தப்பும். தொடக்கப் பாய்ச்சலும் இதே போன்ற நுண்ணிய நேரத்தைக் கேட்பது. பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் பாத்திரமான லக்கிட்டு காட்டும் விளக்குகளில் இரண்டாவது எரிந்தபின், மூன்றாவதான நீல விளக்கு எரிவதற்குச் சற்று முன் ஏ பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். முந்தினால் சக்கரம் சுழன்று நின்ற இடத்திலேயே நிற்கும். தாமதிக்கும் டிவியில் இந்த இரண்டும் மினி டர்போவைவிட மோசமாக அடிபடும். மினி டர்போ ஒரு தாளம், கை அதற்கு ஏற்ப நகர்ந்துகொள்ளும். இவை கண்ணால் பார்த்துச் செய்பவை.

தனியே பழக நேரப் பந்தயம் நல்லது, மூன்று காளான்களோடு தொடங்கும். உங்கள் ஓட்டத்தை அப்படியே திரும்ப ஓடிக்காட்டும் நிழல்வண்டியைச் சேமிக்க, கன்ட்ரோலரில் செருகும் நினைவகமான கன்ட்ரோலர் பாக் தேவை. அதன் 123 பக்கங்களில் 121ஐ இந்த ஆட்டமே கேட்கும், அதாவது ஒரு முழு பாக்கை இதற்கென்றே ஒதுக்க வேண்டும். அதிலும் இரண்டு தடங்களின் நிழல்கள்தான் அடங்கும். பாக்குக்குள் ஒரு பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்தால் நிழல்கள் போய்விடும். கோப்பைகளும் சாதனை நேரங்களும் கார்ட்ரிட்ஜிலேயே பேட்டரி தேவைப்படாத சில்லில் இருப்பதால் அவற்றுக்கு ஆபத்தில்லை. ஐரோப்பியப் பதிப்பு 50 ஹெர்ட்ஸில் ஓடுவது. அதில் எடுத்த நேரத்தை 60 ஹெர்ட்ஸ் பதிப்பின் நேரத்தோடு ஒப்பிட முடியாது, சாதனைப் பட்டியல்களும் இரண்டையும் தனித்தனியாகவே வைக்கின்றன.

தொலைவிலிருந்து ஆடும்போது

2021 அக்டோபரில் நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைனின் கூடுதல் தொகுப்பில் இந்த ஆட்டம் வந்தபின், நால்வர் நான்கு வீடுகளிலிருந்து ஆடுவது எளிதானது. எமுலேட்டரில் (பழைய கன்சோல்போல் இயங்கும் கணினி மென்பொருள்) ஆடுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். நால்வரின் பொத்தான் அழுத்தங்களும் வந்துசேர்ந்த பிறகே ஒவ்வொரு படமும் நகரும். மிகத் தொலைவில் உள்ளவரின் போய்வரும் நேரம் 100 மில்லிநொடி என்றால் ஒருவழி 50. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிநொடி, ஆக 3 படங்கள். ஏற்ற இறக்கத்துக்கு ஒன்று சேர்த்து, அழுத்தங்கள் வந்துசேரக் காத்திருக்கும் படங்களின் எண்ணிக்கையான இடைத்தேக்கத்தை (பஃபர்) 4 என்று வையுங்கள். 2 என்று குறைத்தால் ஆட்டம் விக்கும், 8 என்று கூட்டினால் வண்டி சேற்றில் ஓடுவதுபோல் இருக்கும். நிலையான 4 படத் தாமதத்துக்குக் கை பத்து நிமிடத்தில் பழகிவிடும். நொடிக்கு நொடி மாறும் தாமதத்துக்கு யாராலும் பழக முடியாது. அதனால் வைஃபையை விட்டுக் கம்பி இணைப்புக்கு மாறுவதுதான் முதல் வேலை. நால்வரிடமும் ஆட்டக் கோப்பு ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஒருவரிடம் வேறு வட்டாரப் பதிப்பு இருந்தால், ஒன்று ஆட்டம் தொடங்கவே தொடங்காது, அல்லது ஒவ்வொருவர் திரையிலும் வேறு வேறு பந்தயம் ஓடும்.

நவீன கன்ட்ரோலரின் ஸ்டிக்கை அப்படியே இணைத்தால் கேம்கியூப் ஸ்டிக் சிக்கல் இங்கும் வரும். எமுலேட்டர் அமைப்பில் வீச்சைக் குறைத்து, முழுச் சாய்வு 80ஐ ஒட்டி வரும்படி செய்யுங்கள். நடுவில் உள்ள அசைவற்ற பகுதியை 5 சதவீதத்துக்குக் கீழ் வையுங்கள். சரியாக அமைந்ததா என்று பார்க்க லூயிஜி ரேஸ்வேயின் முதல் வளைவுக்குப் போய், புகை சிவக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பலூன்கள்

பேட்டிலுக்கு நான்கு களங்கள்: பிக் டோனட், பிளாக் ஃபோர்ட், டபுள் டெக், ஸ்கைஸ்கிரேப்பர். ஒவ்வொருவருக்கும் மூன்று பலூன், அடிபட்டால் ஒன்று போகும். நான்கு நிறக் கோட்டைகள் கொண்ட பிளாக் ஃபோர்ட்டையே எப்போதும் முதலில் எடுக்கச் சொல்வேன். உயரத்தில் பதுங்கலாம், கீழே வருபவர்மேல் பாயலாம், தப்பியோடக் குறுகிய பாலங்களும் உண்டு. இங்கே மினி டர்போவைவிடப் பயன்படுவது நின்ற இடத்துச் சுழற்சி. ஏ, பி இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்தால் வண்டி பம்பரம்போல் திரும்பும். துரத்தி வருபவரை நோக்கி நொடியில் திரும்பிப் பச்சை ஷெல்லை விடுவது இந்தச் சுழற்சியால்தான் முடிகிறது. பக்கவாட்டில் நின்று சுவரை நோக்கி விட்டால் ஷெல் பட்டுத் திரும்பித் திரும்பி ஓடும், கோட்டையின் ஒடுங்கிய பாதைகளில் அதிலிருந்து தப்புவது கடினம்.

மூவர் அல்லது நால்வர் ஆடும்போது முதலில் தோற்பவர் கன்ட்ரோலரைக் கீழே வைக்க வேண்டியதில்லை. மூன்று பலூனும் போனதும் அவர் வண்டி குண்டாக மாறும், அதை ஓட்டிக்கொண்டுபோய் யார்மேலாவது ஒருமுறை மோதலாம். மோதியதும் முடிந்தது. அதனால் உடனே பாயாதீர்கள். மற்றவர்கள் உங்கள் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் தங்களுக்குள் சண்டையில் மூழ்கி உங்கள் கட்டத்தை மறக்கும்வரை ஒரு கோட்டையின் மேல்தளத்தில் நின்று, ஒற்றைப் பலூனோடு யாராவது கீழே வந்து நிற்கும்போது இறங்குங்கள்.